பசுபதியார் கை வைத்த இடம்

கரூர் நகரத்துக் கல்யாண மண்டபங்களில் குளிர்சாதன இயந்திரங்களைக் கழுவித் துடைத்துப் பிழைத்தவர் பசுபதியார். ஊரார் குளிர்ந்த காற்றில் அமர்ந்து சிரித்துப் பேச, அந்தக் காற்று புறப்படும் தகரக் கூட்டுக்குள் அவர் முதுகை வளைத்து நுழைவார். வடிகட்டியின் தூசியை உதறுவார். செம்புக் குழாய்களைச் சுற்றிய மெல்லிய தகடுகளைத் தூரிகையால் நீவுவார். வடிகாலில் திரண்ட பாசியைக் கையாலேயே வழித்தெடுப்பார். விடியலில் சிவன் கோயில் பிராகாரத்தைக் கூட்டிய பிறகுதான் பைக்குள் ஸ்பேனரை எடுத்து வைப்பார். தூரிகையை இழுக்கும்போதெல்லாம் உதடு ஐந்தெழுத்தை முணுமுணுக்கும். எல்லா உயிருக்கும் மூச்சாக இருப்பவன் நடக்கும் வழி இது, இதில் அழுக்கு இருக்கலாகாது என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணத்தால் அவருக்குக் கிடைத்தது ஏச்சுதான். கைவேகம் போதாது என்று ஒரு கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. மறுநாளும் விடியலில் பிராகாரத்தில் அவருடைய துடைப்பத்தின் ஓசை கேட்டது. பிறகு தனியாக வேலை எடுத்து, நாட்ராயன் என்ற இளைஞரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். நாட்ராயனுக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது.

"ஏனுங்ணா, நமச்சிவாயம்னு சொன்னா அழுக்குப் போயிருங்களா? அப்பறம் இந்த மருந்துத் தண்ணி எதுக்குங்?"

"மருந்து தகட்டு அழுக்குக்கு. அது எனக்கு உள்ள இருக்கற அழுக்குக்குடா தம்பி" என்று சிரிப்பார் பசுபதியார்.

அவர் விடாப்பிடியாகக் காத்த விதி ஒன்று உண்டு. காற்றைத் தள்ளும் புளோயர் விசிறி இருக்கும் கூட்டுக்குள் நுழையுமுன், கீழே சுவிட்ச் பலகையில் ஆளுக்கொரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தவர் தன் கட்டையைத் தன் கையாலேயே திரும்பச் சொருக வேண்டும். ஒரு கட்டை குறைந்தாலும் மோட்டார் ஓடாது. உள்ளே இருக்கும் உயிருக்கு அதுதான் காவல்.

நாட்ராயனோ மறதிக்காரர். போன மாசியில் ஒரு மண்டபத்தில் வேலை முடிந்ததும், மடியில் கட்டையோடே குளித்தலைக்குப் பஸ் ஏறிவிட்டார். அன்று மாப்பிள்ளை வேர்வையில் நனைந்தபடி தாலி கட்டிய கதை எல்லா மண்டபங்களிலும் பரவிவிட்டது.

சித்திரை மாதம். ஒரு மண்டபத்தில் முந்தின மாலை மேடைமேல் தண்ணீர் சொட்டியது என்று முகூர்த்தத்தன்று காலையில் இருவரையும் அவசரமாக அழைத்தார்கள். மொட்டை மாடித் தகரக் கூட்டுக்குள் இருவரும் வேலை செய்தார்கள். வடிகால் அடைப்பை எடுத்ததும், தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கப் பசுபதியார் கீழே வந்து, தன் கட்டையைச் சொருகினார். நாட்ராயன் கடைசியாகத் தகடுகளுக்கு மருந்து அடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் வரவில்லை.

மண்டபம் நிரம்பிவிட்டது. குழந்தைகள் வீறிட்டன. மணப்பெண்ணின் தந்தை அர்த்தனாரி சட்டை முதுகோடு ஒட்ட ஓடிவந்தார். மண்டப மேலாளர் கதிர்வேல் சுவிட்ச் பலகையின் முன் நின்று கத்தினார்.

"என்னய்யா இன்னும்? போடுய்யா!"

"நாட்ராயன் உள்ள இருக்கறானுங்க. அவன் கட்டை வரலீங்க."

"உள்ளயா? அவன் டீக்கடைப் பக்கம் போனதை நானே பார்த்தேன். மறுபடியும் கட்டையோட ஓடிட்டான்யா உங்க ஆளு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்நேரம் குளித்தலை தாண்டியிருப்பான்" என்றது ஒரு குரல். பசுபதியார் நாட்ராயனைக் கைப்பேசியில் அழைத்தார். மணி அவர் காலடியிலிருந்த கருவிப் பைக்குள்ளேயே ஒலித்தது. நாட்ராயன் டீக்குப் போனது உண்மையானாலும், திரும்பி வந்து மேலே ஏறியும் இருக்கலாம். பசுபதியாருக்கே நிச்சயமில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே மாற்றுக் கட்டையோடு நின்றார். தாம் படியேறும் நேரத்தில் அவர் அதைச் சொருகிப் பட்டனை அமுக்கிவிட்டால்? மெயினை அணைக்கலாம் என்றால், மேடை விளக்கு போய்விடும் என்று அதன் முன்னே கதிர்வேல் ஆளை நிறுத்திவிட்டார்.

"யாராச்சும் ஒருத்தர் மேல போய்ப் பாருங்க சாமி" என்று கும்பிட்டார் பசுபதியார். ஒருவரும் நகரவில்லை.

"சொருகுப்பா" என்றார் கதிர்வேல்.

எலக்ட்ரீஷியன் முன்னே வந்தார். அதற்குள் பசுபதியார் தம் வலது கையை, கட்டை இல்லாத அந்த வெற்றுக் குழிக்குள் நுழைத்துவிட்டார். மின்சாரம் ஓடும் செம்புப் பட்டைக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு நெல் கிடக்கும் இடம்தான் இருந்தது.

"அய்யோ, லைன் இருக்குதுங்க! தொட்டா ஆளு போயிருவாருங்க!" எலக்ட்ரீஷியன் பின்வாங்கினார்.

சிரிப்பு அடங்கியது. பசுபதியாரின் கண்கள் மூடியிருந்தன, உதடு அசைந்தது. நெற்றியில் திரண்ட வேர்வை, புருவத்தைத் தாண்டி, நீட்டிய கைமேல் சொட்டியது. அந்த ஈரம் விரல் வரை வழிந்தால் என்ன ஆகும் என்று அறிந்த எலக்ட்ரீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாடகம் போடறியா? அவன் டீ குடிச்சுட்டு வந்தான்னா உன் மானம்தான் போகும்" என்றார் கதிர்வேல். குரல் முன்போல் உரக்க எழவில்லை.

"வந்தான்னா அவன் கால்ல விழறேனுங்க. அவன் வரோணும், அவ்வளவுதானுங்க."

அர்த்தனாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் பெண்ணை அழைக்கும் குரலும் கேட்டது. சட்டென்று அர்த்தனாரி பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் போறேன். நான் வர்ற வரைக்கும் எவனாவது இவரைத் தொட்டீங்க, கல்யாணமே வேண்டாம்னு போயிருவேன், பார்த்துக்கங்க."

அவர் படிகளில் ஏறும் ஓசை தேய்ந்தது. அதன்பின் மாடியிலிருந்து அலறல்: "ஆளு இருக்கறான்! கெடக்கறான்! ஓடியாங்க!"

எலக்ட்ரீஷியன் பாய்ந்து, தடுத்து நின்றவரைத் தள்ளி மெயினை இறக்கினார். மேடை இருண்டது. பசுபதியார் கையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

மருந்து நெடியிலும் வெக்கையிலும் மயங்கிய நாட்ராயன், புளோயரின் இறக்கைகளுக்குள் ஒரு தோள் நுழைந்தபடி சரிந்து கிடந்தார். மடியில் கட்டை பத்திரமாக இருந்தது. தூக்கி வந்து நிழலில் கிடத்தினார்கள். சமையற்கட்டிலிருந்து வந்த தண்ணீரை முகத்தில் தெளித்ததும் கண் விழித்தார். எல்லாரையும் விட்டுப் பசுபதியாரைத் தேடினார்.

"மூச்சு முட்டிப் போச்சுங்ணா. செத்தேன்னே நெனச்சேன். அப்பறம் காத்து வந்துச்சு, ஜில்லுன்னு, நெஞ்சுக்குள்ளாற வரைக்கும். மிசினை ஓட்டிட்டாங்க, தோள் போச்சுன்னு பயந்தேன். ஆனா எறக்கை சுத்தலீங்ணா. அசையவே இல்லைங்."

கதிர்வேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அர்த்தனாரி அவரைக் கையமர்த்தினார்.

"நான்தான் கதவைத் தொறந்தேன். தகரம் கையைச் சுட்டுது. ஆனா உள்ள இருந்து என் மூஞ்சில வீசுன காத்து, மார்கழிக் காத்துங்க."

நாற்புறமும் மூடிய கூட்டில், கொதிக்கும் வெயிலில், ஓடாத இயந்திரத்திலிருந்து வந்த காற்று அது. வாழ்நாளெல்லாம் யாருடைய வழியைக் கழுவினாரோ, அவனே அவ்வழியே வந்து போயிருக்கிறான் என்று உணர்ந்த பசுபதியார் அழுதார். நாட்ராயன் அவருடைய வலது கையைப் பற்றித் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். கீழே, இருண்ட மண்டபத்தில், கெட்டி மேளம் முழங்கியது.

தன்னைச் சீண்டியவன் உயிருக்குத் தன் கையைக் காவல் வைத்து, ஈசன் மூச்சைத் தோழனுக்குப் பெற்றுத் தந்த பசுபதியாரின் பாதம் நம் நெஞ்சில் குளிர்ந்திருக்கட்டும்.