மூலைக்கு ஒரு கோரி

கொளத்தூர்ல மீன் கடைங்க வரிசையா இருக்கு. அதுல ஒண்ணு ஜெபராணியோடது. தொட்டியில வெச்சு வளக்குற மீனு மட்டும்தான் அங்க கெடைக்கும். கொழம்புக்கு வஞ்சிரம் இருக்கான்னு கேட்டு வந்தவங்களும் உண்டு. அவங்களையும் ஜெபராணி உக்கார வெச்சு, வழி சொல்லித்தான் அனுப்புவாங்க.

ஜெபராணிக்கு முப்பத்தாறு வயசு. அவங்ககிட்ட மீன் வளக்கக் கத்துக்க வந்த ஏகாம்பரத்துக்கு அம்பத்திரெண்டு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழம தவறாம வர்றாரு. குரு சீடர ‘அண்ணே’ன்னு கூப்பிடுவாங்க. சீடர் குருவ ‘அம்மா’ன்னு கூப்பிடுவாரு. ரெண்டு பேருக்கும் அதுல சங்கடம் ஒண்ணும் இல்ல.

ஏகாம்பரம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எட்டு பிளாக், எட்டு ஆளு. அங்க கிளப் ஹவுஸ்ல ஒரு நாலடித் தொட்டி இருக்கு. டெட்ரா, மோலி, கோராமின்னு பலதும் ஒண்ணா இருக்கிற தொட்டி. அதப் பாத்துக்கிறதும் அவருதான். யாருக்கும் சொந்தமில்லாத வேலயெல்லாம் சூப்பர்வைசருக்குச் சொந்தம்.

அன்னைக்கு அவரு மொகமே சரியில்ல.

“ஆளு நிக்க மாட்டேங்குதும்மா. இந்த வருஷத்துல அஞ்சு பேரு போயிட்டாங்க. இன்னும் ஒருத்தர் போனா உன்னையும் சேத்து அனுப்பிடுவோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க.”

“யாராவது போறேன்னு சொல்றாங்களா?”

“ஏழாவது பிளாக் தேசம்மா, தர்மபுரிக்காரம்மா. இந்த மாசத்தோட வரலங்குது.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். சும்மாதான்னுது. சம்பளம் பத்தலையான்னேன், அதெல்லாம் இல்லன்னுது. யாராவது திட்டினாங்களான்னேன், என்கிட்ட யாரு பேசுறா திட்டுறதுக்குன்னுது. ஒரு ஆள எப்படித்தாம்மா தங்க வெக்கிறது?”

ஜெபராணி ஒரு தொட்டிக்குள்ள டியூப் விட்டு அடித்தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு இருந்தாங்க. தலைய நிமித்தல.

“மனுஷங்கள நான் வளத்ததில்லண்ணே. மீனப் பத்திக் கேளுங்க.”

ஏகாம்பரம் மீனப் பத்திக் கேட்டாரு. அதுக்கும் வேல இருந்துச்சு.

“தொட்டியில அடி முழுக்க அழுக்கா சேருது. அழுக்கு திங்கிற மீனு வாங்கிப் போடுய்யான்னாரு எங்க அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சாரு.”

ஜெபராணி கீழ் வரிசத் தொட்டிங்களக் காட்டினாங்க. எல்லாம் கோரி. ஒரு விரல் நீளம் கூட வராது. வாய்ல குட்டி மீச. மேல பாக்காம, எந்நேரமும் தரைய மோந்துக்கிட்டே திரியிற மீனு. ஒரு தொட்டியில செம்பு நெறம். அடுத்ததுல கண்ணச் சுத்தி கறுப்பு அடிச்ச பாண்டா. அதுக்கடுத்து புள்ளி போட்டது. கடைசியில சுத்த வெள்ள, கண்ணு மட்டும் செவப்பு.

“எத்தன போடலாம்மா?”

“ரெண்டு வருஷமா வர்றீங்க. நீங்களே சொல்லுங்க.”

ஏகாம்பரம் குனிஞ்சு நாலு தொட்டியையும் பாத்தாரு. நிமிந்தாரு.

“நாலு. தினுசுக்கு ஒண்ணு.”

“ஏன் அப்படி?”

“தொட்டிக்கு நாலு மூல. மூலைக்கு ஒண்ணு. ஒரே தினுசா போட்டா ஒண்ணோட ஒண்ணு கூடிக்கும், வேல கெட்டுடும். எங்க சைட்ல இதாம்மா என் வழக்கம். ஒரே ஊரு ஆளுங்கள பக்கத்துப் பக்கத்துப் பிளாக்ல போட மாட்டேன். தர்மபுரிக்குப் பக்கத்துல ஒடிசா. ஒடிசாவுக்குப் பக்கத்துல ஸ்ரீகாகுளம். பாஷ புரியாது, அரட்ட இருக்காது. தொடப்பம் மட்டும்தான் சத்தம் போடும்.”

இதக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து வருஷம் ஆயிருந்துச்சு. அதனால கொஞ்சம் பெருமையாவே சொன்னாரு.

ஜெபராணி வலைய எடுத்தாங்க. தினுசுக்கு ஒண்ணு பிடிச்சு, நாலு பையில காத்து அடைச்சு, ரப்பர் பேண்டு சுத்திக் குடுத்தாங்க. குடுத்துட்டு அவரு மொகத்தையே பாத்தாங்க, இன்னொரு கேள்வி வரும்னு. வரல. அவரு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்கல. வியாழக்கிழம காலையிலயே வந்துட்டாரு.

“வேலையே செய்ய மாட்டேங்குதும்மா. ஒண்ணு ஃபில்டருக்குப் பின்னால போயி ஒட்டிக்குச்சு. ஒண்ணு கட்டைக்கு அடியில. வெள்ளக் கோரி மூலையப் பாத்துத் திரும்பி நிக்குது, ஸ்கூல்ல வாத்தியாரு நிறுத்தின மாதிரி. பாண்டா செத்தே போச்சு.”

“என்ன சாப்பாடு போட்டீங்க?”

“அதுக்கு எதுக்கும்மா சாப்பாடு? அழுக்கு திங்கிற மீனுதான?”

“யாரு சொன்னது?”

“செக்ரட்டரி சாரு.”

“அவரு தின்னு பாத்தாராமா?”

ஏகாம்பரம் ஹெல்மெட்டக் கழட்டினாரு.

“மேல இருக்கிற மீனுக்குப் போடுறீங்கல்ல?”

“ரெண்டு வேள போடுறேன்.”

“அதுல கீழ என்ன வருது?”

“மோலி விட்டாத்தான.”

ஜெபராணி கையத் தொடச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தாங்க.

“பாண்டா செத்ததுல எனக்கும் பங்கு இருக்குண்ணே. சாப்பாடு என்னன்னு கேட்டு மறுநாளே வந்துருவீங்கன்னு நெனச்சேன். நாலு நாள் தாங்குவீங்கன்னு நெனைக்கல. மீதி மூணையும் கொண்டாங்க.”

மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துட்டாரு. மூணும் பையோட அடியில கல்லு மாதிரி கெடந்துச்சு. ஜெபராணி பைங்கள அதது தொட்டியில கொஞ்ச நேரம் மெதக்க விட்டுட்டு, செம்ப செம்போட, புள்ளிய புள்ளியோட, வெள்ளைய வெள்ளையோட எறக்கி விட்டாங்க. ஸ்டூல அவர் பக்கம் தள்ளினாங்க.

“உக்காந்து பாருங்க. பேசாதீங்க.”

அவங்க போயி வந்தவங்களுக்கு மீன் பிடிச்சுக் குடுத்தாங்க. ஏகாம்பரம் பாத்துட்டு இருந்தாரு.

செம்புக் கோரி விழுந்த எடத்துலயே கெடந்துச்சு. ஒரு செம்பு வந்து அது பக்கத்துல நின்னுச்சு. மீசையால லேசா இடிச்சுட்டுப் போயிருச்சு. இன்னொண்ணு வந்துச்சு. அதுவும் இடிச்சுச்சு. மூணாவது வந்து இடிக்கல, சும்மா பக்கத்துல படுத்துக்கிச்சு. ஒரு டீ ஆறுற நேரம். அப்புறம் ரெண்டும் ஒண்ணா எந்திரிச்சு நகந்துச்சு. திடீர்னு ஒண்ணு மேல பாஞ்சு தண்ணிக்கு வெளிய வாய் வெச்சுட்டு எறங்குச்சு. ஏகாம்பரம் பதறி எந்திரிச்சாரு.

“மூச்சு வாங்கிட்டு வருது,” ஜெபராணி அங்கேருந்தே சொன்னாங்க. “உக்காருங்க.”

பின்னாலயே மூணு நாலு பாஞ்சு போயி எறங்குச்சு. அதுல அவரோடதும் இருந்திருக்கும்.

“எது என்னுதுன்னே தெரியலம்மா.”

“நல்லது. இப்ப வலைய எடுங்க. ஒரே தினுசுல ஆறு பிடிங்க.”

அவரு செம்புல இருக்கிறதுலயே பெருச நோக்கி வலைய விட்டாரு.

“பெருசு சிறுசு பாக்காதீங்க. வயித்தப் பாருங்க. ஒட்டிப் போயிருந்தா வேணாம். அப்புறம் மீசையப் பாருங்க. தேஞ்சிருந்தா வேணாம்.”

“மீச எப்படித் தேயும்?”

“தர குத்துற மாதிரி இருந்தா தேயும். உங்க தொட்டியில கீழ என்ன கெடக்கு?”

“ஜல்லி. நீலக் கலரு. செக்ரட்டரி சாரு ஆசப்பட்டு வாங்கினது.”

“அத அள்ளிட்டுப் பொடி மணல் போடுங்க. நாள் முழுக்க மூஞ்ச வெச்சுத் தேய்க்கிற எடம் அது.” ஒரு டப்பாவ எடுத்து அவர் கையில வெச்சாங்க. “இது சாப்பாட்டு வில்ல, தண்ணியில முழுகிடும். மொதல்ல மேல இருக்கிறதுக்குப் போடுங்க. அதுங்க தின்னுட்டு இருக்கும்போதே கீழ இதப் போடுங்க. தினமும்.”

“தினமுமா?”

“நீங்க தினமும் சாப்பிடுறீங்கல்ல.”

மணல் மாத்துற வரைக்கும் ஆறும் கடையிலயே இருக்கட்டும்னாங்க. அவரு ரெண்டே நாள்ல மாத்திட்டு வந்து வாங்கிட்டுப் போனாரு.

ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழம வந்தாரு. உள்ள வரும்போதே செல்போன நீட்டிக்கிட்டு வந்தாரு. வீடியோல ஆறு செம்பும் ஒரே கூட்டமா மணல மோந்துக்கிட்டு, தொட்டிக்கு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போயிட்டு இருந்துச்சு.

“செக்ரட்டரி சாரு வந்து பாத்தாரும்மா. என்னய்யா, கும்பல் கூடி ஊரு சுத்துது, எப்ப வேல பாக்கும்னாரு. பாத்துட்டுதான் சார் இருக்குன்னேன். நம்பல. கண்ணாடிய மாட்டிக்கிட்டு முட்டி போட்டுக் குனிஞ்சு பாத்தாரு. அட, அடி இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்லையேன்னாரு.”

இத அவரு ரெண்டு வாட்டி சொன்னாரு. ரெண்டாவது வாட்டி செக்ரட்டரி இன்னும் கொஞ்சம் அதிகமாவே குனிஞ்சாரு.

அப்புறம் செல்போன சட்டப் பையில போட்டுட்டு, ஸ்டூல்ல உக்காந்தாரு.

“தேசம்மா வர்ற வெள்ளிக்கிழமையோட சரியாம். கெஞ்சிக்கூடப் பாத்தேன். அது போனா அடுத்து நான்தான். சொல்லும்மா, ஒரு ஆள எப்படித் தங்க வெக்கிறது?”

“மனுஷங்கள வளத்ததில்லன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“தெரிஞ்சதச் சொல்லும்மா.”

ஜெபராணி ஒரு வில்லைய எடுத்து செம்புத் தொட்டியில போட்டாங்க. அது அடியில போயி உக்காந்துச்சு.

“அந்தம்மா மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடுது?”

“ஏழாவது பிளாக்லதான்.”

“ஏழாவது பிளாக்ல எங்க?”

ஏகாம்பரம் யோசிச்சாரு.

“மாடிப்படிக்கு அடியில. மீட்டர் பெட்டி இருக்குமே, அங்க.”

“கூட யாரு?”

“கூட யாரும்மா? எட்டாவதுல ஒடிசாப் பொண்ணு. அது அந்தப் பிளாக்குலயே சாப்பிட்டுக்கும்.”

“ஆறாவதுல?”

“ஸ்ரீகாகுளத்தம்மா.”

சொல்லும்போதே அவரு கொரல் எறங்கிடுச்சு. தொட்டியில வில்லையச் சுத்தி செம்புக் கோரிங்க தலையோட தல வெச்சு நின்னுச்சு. அவரு கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு.

“கிளப் ஹவுஸ் பின்னால ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு,” தனக்குத் தானே சொல்லிக்கிற மாதிரி சொன்னாரு. “ஃபேன் கூட இருக்கு.”

ஜெபராணி இன்னொரு வில்லையப் போட்டாங்க.

அதுக்குள்ள பத்து வருஷத்து சூப்பர்வைசர் முழிச்சுக்கிட்டாரு.

“ஆனா எட்டு பேரையும் ஒரே எடத்துல உக்கார வெச்சா பேச்சுதாம்மா நடக்கும். பாஷ தெரியலன்னா கையக் காலக் காட்டியாவது பேசும். அப்புறம் வேல எப்படி நடக்கும்?”

ஜெபராணி டப்பாவ மூடி அலமாரியில வெச்சாங்க.

“செக்ரட்டரி சாரு குனிஞ்சு பாத்துட்டு என்னண்ணே சொன்னாரு?”

மூணாவது வாட்டி அத ஏகாம்பரம் சொல்லல.