நான்காவது நாற்காலியில் ஒரு பை

வழக்குகளின் நடுவே நின்று நியாயம் காணக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தார் தவமணி. அவருடைய மாணவர்களுள் நாச்சியப்பன் வயதில் மூத்தவர். ஆசிரியரைக் காட்டிலும் மூத்தவர். பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற பின் கற்க வந்தவர்.

ஒரு காலைப்பொழுதில் அவர் மலர்ந்த முகத்தோடு ஆசிரியரிடம் வந்தார்.

"அம்மா, கூச்சல் இல்லாத சபை உலகில் இல்லை என்று முதல் பாடத்தில் சொன்னீர்கள். நான் ஒன்றை அமைத்துவிட்டேன். இப்போது என்ன சொல்வீர்கள்?"

"எங்கே அமைத்தீர்கள்?"

"கழிமுகத்து நகரத்தில். மழை பெய்தால் அந்நகரம் மூழ்குகிறது. ஏரி நீரைக் கடலில் சேர்க்க ஒரு கால்வாய் வெட்ட வேண்டும். அது யார் தெருவைக் கிழித்துக்கொண்டு போவது என்பதில்தான் தகராறு. நான்கு பகுதிகளின் பேராளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன்."

"உட்கார்ந்தார்களா?"

"முதல் நாள் நாற்காலியைத் தூக்கினார்கள்." நாச்சியப்பன் சிரித்தார். "பிறகுதான் கண்ணாடியைக் கொடுத்தேன்."

அக்கண்ணாடி அவரே வடிவமைத்தது. அணிந்துகொண்டால் வெறும் மேசையின்மேல் நகரம் ஒளியாய் எழும்பும். வீடுகளும் தெருக்களும் உப்பங்கழியும் விரல் உயரத்தில் நிற்கும். ஒருவர் விரலால் கோடு கிழித்தால் மற்றவர் கண்களிலும் அதே கோடு தோன்றும்.

"நால்வரும் ஒரே நகரத்தைப் பார்த்தார்கள், அம்மா. பார்த்துக்கொண்டே சண்டையிட்டார்கள். ஆகவே ஒரு வசதியைச் சேர்த்தேன். கண்ணை உறுத்துவது எதுவாயினும் அதற்கு எதிரே கையை இப்படி வீசினால் போதும். வீசியவர் கண்ணிலிருந்து மட்டும் அது மறையும். மேசைமேல் உள்ள குப்பைமேடும் மறையும். சன்னலுக்கு வெளியே உள்ள சுவரொட்டியும் மறையும். ஆலையை மறைத்தால் ஆலைச் சங்கும் காதில் விழாது. சற்று நேரம் மறைத்து வைத்தால் மனம் ஆறும் அல்லவா?"

"ஆறியதா?"

"வந்து பாருங்கள். இன்று கையொப்பம். நாளை காலையில் மண்வெட்டும் எந்திரம் இறங்குகிறது."

இருவரும் நகரத்துக்குப் போனார்கள்.

கூடத்தின் வாசலில், அங்குள்ள வழக்கப்படி, நாச்சியப்பன் தம் கண்ணாடியை அணிந்துகொண்டு, இன்னொன்றை ஆசிரியரிடம் நீட்டினார். தவமணி அதை வாங்கினார், ஆனால் அணியவில்லை. கையில் பிடித்தபடியே உள்ளே காலெடுத்து வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நடுவில் பெரிய மேசை, வெறுமையாக. அதன் மூன்று பக்கங்களில் மூவர் கண்ணாடியோடு குனிந்திருந்தார்கள். மீன்சந்தைத் தலைவி பிலோமினா, அரிசி ஆலை சேகு தாவூது, பேருந்து முதலாளி குமாரவேலு. மூவர் முகத்திலும் சிரிப்பு.

நான்காம் பக்கத்தில், அதேபோல் கண்ணாடி அணிந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவருக்குரிய நாற்காலியில் குமாரவேலுவின் தோல்பை இருந்தது. அப்பெண் உள்ளங்கையால் மேசையை அறைந்து அறைந்து பேசினார். குரல் கம்மிப்போயிருந்தது.

"கோடு எங்க தெரு மேலயே போகுது. நாளைக்கு மெஷினு வந்தா புள்ளைங்கள எங்க படுக்க வைப்போம்? யாராச்சும் நிமிந்து பாருங்களேன்!"

ஒருவரும் நிமிரவில்லை.

"பிலோமினாக்கா, கால்வாய் வந்துட்டா உங்க மீனெல்லாம் நேரா என் பஸ்ஸுக்கே நீந்தி வந்துடும்" என்றார் குமாரவேலு.

"வரும், வரும். டிக்கெட்ட நீதான் எடுக்கணும்."

சேகு தாவூது வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேலேயே அப்பெண்ணின் குரல் உடைந்து விழுந்துகொண்டிருந்தது.

"கேட்டீர்களா, அம்மா?" நாச்சியப்பன் மெல்லச் சொன்னார். "இது நாற்காலி தூக்கிய சபை."

தவமணியின் முகம் வெளுத்திருந்தது.

"மேசையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், நாச்சியப்பரே?"

"மூவர்."

"நான்காமவர்?"

"அஞ்சலை என்று ஒருவர். கழியோரக் குடியிருப்பின் சார்பில் வந்தவர். ஓயாமல் கத்துவார். சில நாட்களாக வருவதில்லை."

"வராததற்கு என்ன பொருள் கொண்டீர்கள்?"

"கோட்டுக்கு உடன்பட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டோம்."

"கண்ணாடியைக் கழற்றுங்கள்."

நாச்சியப்பன் கழற்றினார்.

எதிரே அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். மேசையருகே ஓடினார். மூவரின் முகங்களிலிருந்தும் கண்ணாடிகளைப் பிடுங்கினார்.

சேகு தாவூது துள்ளி எழுந்ததில் அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யா அல்லா! நீ எப்பம்மா வந்தே?"

"எப்பவா?" என்றார் அஞ்சலை. "நான் எப்ப பாய் போனேன்?"

பிலோமினா நெஞ்சில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.

"நேத்து உங்க கையப் புடிச்சேன்க்கா" என்றார் அஞ்சலை. "உதறிட்டீங்க."

பிலோமினா தம் வலக்கையைப் பார்த்தார். அது வேறு யாருடையதோ போல விலக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஈ ஒக்காந்துச்சுன்னு நெனச்சேன்டி... மாதாவே, ஈன்னு நெனச்சேன்."

"அக்கா, நீங்களுமா மறைச்சு வெச்சீங்க?" என்றார் குமாரவேலு.

"நீயுமா?"

"நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன். மத்தவங்க கேட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க, நமக்கு எதுக்கு ரோதனைன்னு..."

சேகு தாவூது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

நாச்சியப்பன் ஆசிரியரிடம் திரும்பினார்.

"மனிதரை மறைப்பதற்காக நான் இதைச் செய்யவில்லை, அம்மா. இவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று நான் கனவிலும் எண்ணவில்லை."

"உங்கள் கண்ணிலிருந்து இவரை மறைத்தது யார்?"

நாச்சியப்பன் தலை தாழ்ந்தது.

"அன்று எனக்குத் தலைவலி. சிறிது நேரத்துக்கு மட்டும் என்றுதான் கையை வீசினேன்."

"பிறகு?"

"மறந்துவிட்டேன்."

சன்னலுக்கு வெளியே மழைமேகம் கட்டியிருந்தது.

நாச்சியப்பன் அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியில் கெஞ்சலும் இருந்தது. சிறிது குற்றச்சாட்டும் இருந்தது.

"ஏனம்மா, இத்தனை நாளும் ஒருவர்கூட உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே! கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?"

அஞ்சலை தம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதில் எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை. கழியும், தெருவும், தெருவின்மேல் ஓடிய கோடும் நாள்தோறும் அவருக்கு முழுதாகவே தெரிந்தன. கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதாலயா சார்?" அவருக்கு உண்மையாகவே வியப்பாக இருந்தது. "எனக்கு எப்படித் தெரியும்? இது இல்லாதப்பவும் நீங்கள்லாம் இப்படித்தானே இருப்பீங்க?"

பிலோமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குமாரவேலு மேசையின் வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சியப்பன் இரு கைகளையும் கூப்பி ஆசிரியர் முன் வந்து நின்றார். அவர் முதுகு மேசையின் பக்கம் இருந்தது.

"கோட்டை அழிக்கிறேன். கண்ணாடிகள் எல்லாவற்றையும் இப்போதே உடைத்துக் கடலில் எறிகிறேன். வேறு நான் என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள், அம்மா."

தவமணி அவர் தோளுக்கு அப்பால், தோல்பை வீற்றிருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், நாச்சியப்பரே? அவர் இன்னும் நின்றுகொண்டுதானே இருக்கிறார்."