வேதக்கண் அண்ணாச்சியின் பந்தி

எங்கள் ஊர் அசனத்தைப் பற்றி நானே சொன்னால் பெருமையடிக்கிறான் என்பீர்கள். அடிக்கத்தான் செய்வேன். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வயிறாரப் போடுகிற விருந்து அது. எங்கள் குழம்பு வாசம் அடித்தால் பக்கத்து ஊர்ச் சபையார் ஜெபத்தைச் சுருக்கி முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அதை நடத்துகிறவர் வேதக்கண் அண்ணாச்சி. கோபுரம் கட்டக் கல் சுமந்தவர். தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கல்யாணம் முடித்து வைத்தவர். நல்லது செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் ஆராதனையில் கொடுக்கிற திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் அவர் வாங்கியதே இல்லை. அதற்கு முதலில் வேதபாடம் படித்துத் திடப்படுத்தல் எடுக்க வேண்டும். உபதேசியார் யோவேல் நடத்தும் வகுப்பில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வருஷா வருஷம் வந்து உட்காருவார். பாடமெல்லாம் தலைகீழாகச் சொல்லுவார். அத்தியட்சர், அதாவது பிஷப், வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்துகிற நாளில் மட்டும் ஆளைக் காணாது. கேட்டால், “இன்னும் தகுதி சேரல” என்பார்.

உபதேசியாருக்கு அவருடைய மகன் வயசுதான். இருந்தாலும் அண்ணாச்சிக்கு அவர்தான் குரு.

இந்த வருஷம் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அசனம், ஞாயிற்றுக்கிழமை அத்தியட்சர் வருகிறார். வீட்டில் படுங்கள் என்றால் கேட்கிற ஆளா? கரண்டியோடு அடுப்படியில் நின்றார். அங்கே வைத்துத்தான் கேட்டார்.

“உபதேசியாரே, கத்தி வைக்கும்போது நான் போயிட்டேம்னா, ஆண்டவர் என்னைச் சேத்துக்கிடுவாரா?”

“சேத்துக்கிடுவார்.”

“நான் செய்தது அதுக்குப் பத்துமா?”

“பத்தாது.”

அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. இந்த ஊரில் அவரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

“பொறவு எதை வச்சுச் சேப்பாரு?”

உபதேசியார் நேரே பந்திக்குள் போனார். இலை போட்டாயிற்று, சோறு இன்னும் வரவில்லை. ஓரத்தில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், கையில் சிமெண்டு கூடச் சரியாகப் போகவில்லை. உபதேசியார் அவர் பக்கத்தில் குனிந்து, தோளில் கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“இந்த அசனத்துக்கு நீங்க என்ன செய்தீங்க?”

கொத்தனார் மிரண்டு போனார். “ஒண்ணும் செய்யலய்யா. பசிச்சுது, வந்தேன்.”

எழுந்திருக்கப் பார்த்தார். உபதேசியாரின் கை அவரை விடவில்லை.

பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே சீ என்று ஆகிவிட்டது. அதற்குள் அடுப்படியிலிருந்து வந்தாரே அண்ணாச்சி! நெஞ்சுவலியாவது ஒன்றாவது!

“ஓய், என்ன கேள்வி கேக்கீரு? உபதேசியாருன்னா என்ன வேணும்னாலும் கேப்பீரோ? என் பந்தியில வந்து உக்காந்தவன்கிட்ட நீ என்ன செய்தேன்னு கேக்கதுக்கு நீரு யாருவே?”

“ஒண்ணும் செய்யாதவருக்கு எப்படி அண்ணாச்சி சோறு போடுவீங்க?”

“செய்தவனுக்குப் போட்டா அதுக்குப் பேரு கூலி! இது அசனம்வே! வந்து உக்காந்தாம்லா, அது போதும்.”

“கையில ஒண்ணும் இல்லாம, எதை நம்பி உக்காந்தாரு?”

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நிமிர்வைப் பார்க்க வேண்டுமே, எங்கள் ஊரே நிமிர்ந்த மாதிரி இருந்தது.

“என்னை நம்பி உக்காந்தான். வேதக்கண் போடுவான்னு நம்பி உக்காந்தான். அப்படி உக்காந்தவனை வெறும் இலையோட எழுப்பி விட்டா நான் மனுசனா?”

உபதேசியார் கொத்தனாரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். “மன்னிச்சிருங்க, சாப்பிடுங்க” என்றார். பிறகு அண்ணாச்சியின் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“உங்களை நம்பி உக்காந்தவனை நீங்க எழுப்பி விட மாட்டீங்க. ஆண்டவர் என்ன, உங்களைவிடக் கொறஞ்சவரா அண்ணாச்சி?”