ஏழு நிமிட உரை

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தேழு. ஆகையால் காலில் விழுவது, கைகட்டி நிற்பது எல்லாம் இதில் கிடையாது. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார்.

மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரில் உள்ள மாலைக் கல்லூரியில் ரெஹானா பேச்சுக்கலைத் தாள் நடத்தினார். பவுன்ராஜ் பகலில் தீயணைப்பு வீரர், மாலையில் இரண்டாம் ஆண்டு மாணவர்.

அந்த வாரம் ரெஹானா வகுப்பில் அறிவித்தார்.

“அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரும் ஒரு தகவல் உரை தரணும். ஏழு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சா மார்க் கிடையாது.”

வகுப்பு கலைந்த பிறகு பவுன்ராஜ் மட்டும் நின்றார்.

“மேடம், தகவல் உரைன்னா என்ன?”

“கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கேட்டதுக்கு அப்புறம் தெரியணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பவுன்ராஜுக்கு இது போதவில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பைகள் வீட்டு அலமாரியில் இருந்தன. தெருத்தெருவாகத் தீ விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால், நிலையத்திலிருந்து அவரைத்தான் அனுப்புவார்கள். போர்த்திய பொன்னாடைகளை மடித்து வைக்க பீரோவில் தனித் தட்டே உண்டு. அப்படிப்பட்டவரிடம் பேச்சு என்றால் இவ்வளவுதான் என்றால் எப்படி?

“நான் ஒரு உரை வச்சிருக்கேன் மேடம். கேக்கறீங்களா?”

ரெஹானா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பவுன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவைக்கு வணக்கம் சொன்னார். இல்லாத தலைவருக்கும், வராத சிறப்பு விருந்தினருக்கும், தாய்மார்களுக்கும், வளரும் தலைமுறைக்கும் தனித்தனியே வணக்கம் சொன்னார். அதற்கே மூன்று நிமிடம் ஆனது. பிறகு குரலை உயர்த்தினார்.

“தாகத்தைத் தணிப்பது தண்ணீர்! பயிரைக் காப்பது தண்ணீர்! தீயை அணைப்பது தண்ணீர்!”

அங்கே நிறுத்தினார். காலி வகுப்பறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார்.

“ஆனால், எண்ணெயில் பிடித்த தீக்கு மட்டும் தண்ணீர் ஆகாது. அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடிவிடுங்கள்.”

நன்றி கூறி முடித்தார். நெற்றி வியர்த்திருந்தது.

“இதை எங்கயாவது பேசியிருக்கீங்களா சார்?”

பவுன்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். பேசத்தான் செய்திருந்தார். போன மாதம், காளியம்மன் கோவில் தெருவில். அங்கே நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

முன்வரிசையில் வேலுத்தாய் என்று ஓர் அம்மா உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நாலு நாள் கழித்து அவர் வீட்டில் கல்யாணப் பலகாரம் சுட்டார்கள். அதிரசச் சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தது. அந்த அம்மா ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றிவிட்டார். தீ கூரை வரைக்கும் எழுந்தது. அணைக்கப் போன வண்டியில் பவுன்ராஜும் இருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த அம்மா இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“‘சார், அன்னிக்கு அருமையாப் பேசுனீங்க’ன்னு சொன்னாங்க மேடம். கை வெந்துபோயிக் கெடக்கு. அப்பவும் அதைச் சொல்றாங்க.”

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

“தீபாவளி வருது. ரெண்டு வாரத்துல மேலத்தெருவுல பேசணும். எனக்கு வாயே வரல. இந்த வகுப்புல ஒழுங்காப் பேசிட்டேன்னா அங்க போவேன். இல்லேன்னா இனிமே மைக்கைத் தொட மாட்டேன். நான் தெளிவாத்தானே சொன்னேன் மேடம்? ஏன் அந்தம்மா தண்ணிய ஊத்துனாங்க?”

“நீங்க சொன்னது இருக்கட்டும் சார். அவங்க என்ன கேட்டாங்க?”

“நான் சொன்னதைத்தான் கேட்டிருப்பாங்க.”

“போய்க் கேட்டுட்டு வாங்க.”

“மேடம், நான் உரை தயார் பண்ணணும்.”

“ஆமா சார். அதுக்குத்தான்.”

பவுன்ராஜ் கேட்கப் போகவில்லை. நூலகத்துக்குப் போனார். எரிகிற வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைகிறவர்தான். ஆனால் வேலுத்தாய் வீட்டுப் படியேற அவருக்கு பயமாக இருந்தது. மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினார். கடலை எண்ணெய் எத்தனை டிகிரியில் புகையும், நல்லெண்ணெய் எத்தனை டிகிரியில் பற்றும், தண்ணீர் பட்டால் ஏன் வெடித்துச் சிதறுகிறது என்று எதையும் விடவில்லை. ஒரு படம்கூட வரைந்திருந்தார்.

அவர் கொண்டுவந்த தாள்கட்டை ரெஹானா வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

“தகவல் போதலையா மேடம்?”

“தகவல் நிறைய இருக்குமே.”

“அப்ப குறைக்கணுமா?”

“தெரியல சார்.”

“கூட்டணுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தெருவுல உக்காந்து கேக்கலையே.”

பவுன்ராஜுக்கு எரிச்சலாக வந்தது. குறைக்கவும் சொல்லாமல் கூட்டவும் சொல்லாமல் இதென்ன பாடம்? சம்பளம் வாங்கிக்கொண்டு குழப்புகிறார் என்றே நினைத்தார். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாள் வேறு வழி தெரியாமல் காளியம்மன் கோவில் தெருவுக்குப் போனார்.

வேலுத்தாய் இடது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க சார்! ஏ புள்ள, சாருக்கு நாற்காலி போடு. அன்னிக்கு எம்புட்டு அழகாப் பேசுனாருன்னு சொன்னேன்ல, அவருதான்.”

உள்ளேயிருந்து மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பவுன்ராஜ் அதன் நுனியில் உட்கார்ந்தார். கையைப் பற்றி விசாரித்தார். வலி குறைந்திருக்கிறது, விரல்தான் இன்னும் மடங்கவில்லை என்றார் அந்த அம்மா. அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

“அம்மா, அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?”

“இதென்ன கேள்வி சார்? மனப்பாடமா இருக்குல்ல.”

வேலுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைக்கூட அவர் மாதிரியே ஏற்றினார்.

“தாகத்தைத் தணிப்பது தண்ணீர். பயிரைக் காப்பது தண்ணீர். தீயை அணைப்பது தண்ணீர்!”

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாரும் கைதட்டுனோம். பின்னாடி பயலுக விசில் அடிச்சானுக. அடங்கவே ரொம்ப நேரமாச்சு.”

“அதுக்கப்புறம் நான் ஒண்ணு சொன்னேன்மா.”

“சொன்னீங்களா?”

வேலுத்தாய் யோசித்துப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவளும் கூட்டத்துக்கு வந்திருந்தவள்தான். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

“சத்தத்துல கேக்கல சார். என்ன சொன்னீங்க?”

“எண்ணெயில பிடிச்ச தீக்குத் தண்ணி ஆகாது. அடுப்பை அணைச்சுட்டு, சட்டிய மூடியால மூடிறணும்னு.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்மா.”

வேலுத்தாய் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று பவுன்ராஜுக்கு இருந்தது.

“மூடி கைக்கெட்டுற தூரத்துலதான் சார் இருந்துச்சு” என்றார் அந்த அம்மா.

மகள் காப்பி கொண்டுவந்தாள். பவுன்ராஜ் அதைக் குடித்தாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை.

வியாழக்கிழமை மாலை கல்லூரிக்கு வந்தார். ரெஹானா மேஜையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பவுன்ராஜ் எதிரே நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். வேலுத்தாய் குரலை ஏற்றிச் சொன்னதையும் அப்படியே சொல்லிக்காட்டினார்.

“நான் சொன்னபடிதான் மேடம் அந்தம்மா செஞ்சிருக்காங்க. தீயை அணைப்பது தண்ணீர்னு சொன்னேன். ஊத்துனாங்க.”

ரெஹானா கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார்.

“இது என் தப்பா மேடம், கைதட்டுனவங்க தப்பா?”

“நாளைக்கு உரை. எழுதிட்டீங்களா?”

பவுன்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். அதில் வணக்கம் இல்லை. டிகிரிக் கணக்கும் இல்லை. நாலே வரிகள்தான் இருந்தன.

சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணையுங்கள். மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடுங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள், சட்டியை நகர்த்தாதீர்கள். அடுப்பை நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் வெளியே வந்து எங்களைக் கூப்பிடுங்கள்.

ரெஹானா இரண்டு முறை படித்தார்.

“தண்ணின்னு ஒரு வார்த்தை இல்லையே சார்.”

“ஊத்தாதீங்கன்னு எழுதிப் பாத்தேன் மேடம். வாசிச்சா எனக்கே தண்ணிதான் காதுல நிக்குது. அடிச்சுட்டேன்.”

“சரி.”

“என்ன சரி மேடம்? வாட்ச் வச்சுப் பேசிப் பாத்தேன். எம்புட்டு மெதுவாப் பேசுனாலும் நாற்பது விநாடிக்கு மேல வரல. அஞ்சு நிமிஷத்துக்குக் குறைஞ்சா மார்க் இல்லேன்னு சொன்னீங்க. மார்க் கெடக்கட்டும், மேலத்தெருவுல நூறு பேரு வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருப்பாங்க. நாற்பது விநாடி பேசிட்டு எறங்குனா என்ன நெனைப்பாங்க? பழைய வணக்கத்தையாவது சேத்துக்கவா?”

“வேண்டாம்.”

“அந்த நாற்பது பக்கத்துலேர்ந்து கொஞ்சம்?”

“வேண்டாம் சார்.”

“அப்ப மிச்ச ஆறு நிமிஷத்துக்கு நான் என்னதான் பண்றது?”

ரெஹானா துண்டுத்தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அந்தம்மா வீடு வரைக்கும் போய் ‘நான் என்ன சொன்னேன்’னு கேட்டீங்கள்ல? இந்தத் தடவை மேடையை விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே, அந்த ஆறு நிமிஷத்துல, உக்காந்திருக்கறவங்களைக் கேட்டுருங்க.”