ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த வரி

குரு என்றால் தாடியும் ஆலமரமும் இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இந்தக் குரு ஒரு பெண். பெயர் ஃப்ளோரா. வியாசர்பாடியில், கணவனின் பிரியாணிக் கடைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒரு லேப்டாப், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு கூடை பூண்டு. ராப் பாடக் கற்றுக்கொள்ள வடசென்னையில் இதைவிடப் பெரிய இடம் கிடையாது.

தணிகாசலம் அவளுடைய சீடன். மேடையில் தணல் என்று பெயர். பகலில் பார்சல் டெலிவரி. குருவைவிட வயதில் மூத்தவன், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்தப் படி ஏறுகிற எல்லாருக்கும் அவள் அக்காதான். அவள் கணவனே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சோற்றுக்கு அலைந்தானாம்.

அந்த அறையில் கைதட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. 'ஓ' போடக் கூடாது. ஒருவன் பாடுவான், மற்றவர்கள் கேட்பார்கள். பாடி முடித்தவன் மைக்கைத் தரையில் வைக்காமல் அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். ஃப்ளோரா மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடைக்கு வேண்டிய பூண்டை உரித்துக்கொண்டிருப்பாள். வரி நன்றாக இருந்தால் கை நிற்கும். இல்லையென்றால் பூண்டு உரியும். பரிசும் அதுதான், தண்டனையும் அதுதான்.

தணிகாசலத்துக்கு அந்தக் கை எப்போதாவது நிற்கும். நின்ற அன்றைக்கு அவன் சிக்னலில் எல்லாருக்கும் வழி விடுவான்.

"எட்டு வரி நல்லா போற, அப்புறம் உனக்கு மூச்சு இல்ல," என்பாள் ஃப்ளோரா. "தெனம் தண்ணி டேங்க் படி ஏறிக்கினே பாடு. உன் மூச்ச நீதான் இழுக்கணும்."

அவன் தலையாட்டுவான். படி ஏறமாட்டான்.

இப்படி இருக்கையில் வினோபா வந்தான். கொருக்குப்பேட்டைக்காரன். ஒல்லி, கண்ணாடி, பாலிடெக்னிக் ஒன்றில் லேப் உதவியாளர். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் டிபன் பாக்ஸோடு தனக்காகக் காத்திருக்கும் ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு எழுதி இணையத்தில் போட்டிருந்தான். அண்ணனா, தோஸ்தா என்று கேட்டார்கள். "என் ஆளு," என்றான். மென்று முழுங்கவில்லை. அதற்குப் பிறகு ராப் பாடுகிறவர்களின் எந்த வட்டத்திலும் அவன் கைக்கு மைக் வரவில்லை. ஃப்ளோரா வரச் சொன்னாள்.

முதல் நாள் அவன் வாயைத் திறந்து இரண்டு வரி போகவில்லை, ஃப்ளோராவின் கை நின்றது. பாட்டு முடியும்வரை அசையவில்லை. அன்றைக்குக் கீழே கடையில் பூண்டு பத்தவில்லை என்று ஒரே சத்தம்.

அன்றிலிருந்து தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடியது. நின்றால் செருப்பு தரையைத் தேய்த்தது. படியில் இறங்குவான், பாதியில் திரும்பி ஏறுவான். கடைசியில் ஒரு நாள் மற்றவர்கள் வருவதற்கு முன் வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவன எதுக்கு உள்ள விட்ட?"

பூண்டு உரிந்தது.

"என் தோஸ்து லோகுவும் அவன் பசங்களும் இன்னா சொல்றானுங்க தெரியுமா? அவன் இருந்தா நாங்க வரலன்றானுங்க. இது ரோட்ல பொறந்த பாட்டு, அக்கா. ஆம்பளைங்க விசயம்."

"அப்ப நான் யாரு?"

"நீ அக்கா."

"அது இன்னா, ஆம்பளைல ஒரு வகையா?"

"பேச்ச மாத்தாதக்கா. எதுக்கு விட்ட?"

"ஞாயித்துக்கெழம மோதல் யாரோட?"

"அவனோடதான்."

"அப்ப இன்னா அவசரம்."

"நான் ஜெயிச்சா அவன அனுப்பிடணும்."

ஃப்ளோரா மடியில் இருந்த தோலைத் தட்டினாள். ஞாயிறுதோறும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவனை ஒருவன் வரியால் திட்டும் மோதலில் ஜெயித்தவன் திங்கட்கிழமை இந்த அறைக்கு வந்து, ஜெயித்த வரிகளை மறுபடி பாட வேண்டும். அது வழக்கம். ஞாயிறு என்றால் பிரியாணிக் கடையில் அவளுக்குக் கை ஒழியாது. ஊர் கேட்டதை அவள் கேட்பது மறுநாள்தான்.

"ஜெயிச்சிக்கினு வா," என்றாள். "வரியக் கேட்டுட்டுச் சொல்றேன்."

தணிகாசலம் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டான்.

டீக்கடை பெஞ்சில் லோகுவும் கூட்டமும் சூழ உட்கார, அவன் ஒத்திகை பார்த்தான். வரிகள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் அந்த வழக்கமான இடம். நெஞ்சு காலி. பாதியில் நின்றான்.

"இங்கதான்டா மச்சி," என்றான் லோகு, கண்ணைச் சிமிட்டி. "இங்க அந்த வார்த்தைய எறி."

எந்த வார்த்தை என்று கேட்கவே வேண்டாம். வினோபா மாதிரி ஆட்களைக் கேவலப்படுத்தப் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரில் கரித்துண்டால் எழுதுகிற வார்த்தை. தணிகாசலம் அதை எறிந்து பார்த்தான். பெஞ்சு அதிர்ந்தது. டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்துப் பாலைச் சிந்தினார். சிரிப்பு அடங்குவதற்குள் நெஞ்சு நிரம்பி, அடுத்த வரி நாக்கில் வந்து நின்றது.

"வெடி," என்றான் லோகு.

ஞாயிறு மாலை, பெரம்பூரில் மேம்பாலத்துக்குக் கீழே கூட்டம். வினோபா முதலில் பாடினான்.

"பேரு தணல்னு சொல்லிக்கிறான், ஊதிப் பாத்தா சாம்பல்தான்,
வீறாப்பு டேங்க் ஃபுல்லா இருக்கு, வண்டி நகர தள்ளணும்."

சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மூச்சு எங்கே இழுத்தான் என்று தெரியாமல் கடைசிவரை பாடிவிட்டு, மைக்கை நீட்டினான்.

தணிகாசலம் வாங்கினான்.

"தண்ணி லாரி நொழையாத சந்துல தாகத்த மென்னு வளந்தவன்,
கொடத்து வரிசையில நின்னு நின்னு கோவத்த ரொப்பிக்கினு வந்தவன்."

கூட்டம் கவனித்தது. எட்டு வரி போயிற்று. நெஞ்சு காலியாயிற்று. அவன் அந்த வார்த்தையை எறிந்தான்.

பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால்கூட அப்படி ஒரு சத்தம் வராது. அவன் சத்தத்தின் நடுவில் நின்று நிதானமாக நெஞ்சை நிரப்பிக்கொண்டான். மிச்ச வரிகளைப் போட்டான். யாருக்குச் சத்தம் பெரிதோ அவனுக்கே வெற்றி. தணல், தணல் என்று கத்தினார்கள்.

மோதல் முடிந்தால் இரண்டு பேரும் கைகொடுத்துத் தோளில் தோள் இடிக்க வேண்டும். எவ்வளவு கேவலமாகத் திட்டியிருந்தாலும் சரி. வினோபா கையை நீட்டினான். தணிகாசலம் மைக்கை மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கை தெரியாததுபோல.

லோகு அவனைத் தோளில் ஏற்றினான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கூட்டத்தின் ஓரம்வரை தெரிந்தது. அங்கே ஒருவன் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தான். பார்க்க ஏதோ வங்கியில் வேலை செய்கிறவன் மாதிரி இருந்தான், சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி. அவன் காதிலும் அந்த வார்த்தை விழுந்திருக்கும். வினோபா அவனருகே போனதும் அவன் வினோபாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள்.

"இன்னாடா மூஞ்சி மாறுது," என்றான் கீழேயிருந்து லோகு.

"ஒண்ணுமில்ல. எறக்கு."

ஜெயித்தவனுக்கு அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை.

திங்கட்கிழமை மாலை, வழக்கத்தைவிட முன்னாலேயே தணிகாசலம் படியேறினான். லோகுவும் கூட வந்தான், ஒருத்தன் வெளியே போவதைப் பார்க்கிற ஆசையில். அறையில் வினோபா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எப்போதும் உட்கார்கிற இடம். மைக்குக்கு நேர் எதிரே.

"நீ எதுக்கு வந்த?" என்றான் தணிகாசலம்.

"திங்கக்கெழம. பிராக்டீஸ்."

"நேத்து தோத்த."

"தோத்தவனுக்குத்தானே பிராக்டீஸ் வேணும்."

ஃப்ளோரா மைக்கை எடுத்துத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தாள். பீட்டைப் போடக் கையை லேப்டாப்பில் வைத்தாள்.

"பாடு."

"முழுசாவா?"

"முழுசாத்தான ஜெயிச்ச."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இவன் இருக்கான்."

"நேத்தும் இருந்தான்."

பீட் ஓடியது. ஃப்ளோரா முக்காலிக்குப் போய்ப் பூண்டை எடுத்தாள்.

தணிகாசலம் ஆரம்பித்தான். லாரி வந்தது, சந்து வந்தது. 'கொடத்து வரிசையில நின்னு நின்னு' என்றபோது ஓரக்கண்ணால் பார்த்தான். கை நின்றிருந்தது. அடுத்த வரிக்கும் அசையவில்லை, அதற்கடுத்ததற்கும். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எட்டாவது வரி முடிந்தது. நெஞ்சு காலி.

எதிரே வினோபா கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் அந்த வார்த்தையைச் சொன்னான்.

ஒரு சத்தமும் இல்லை. அந்த அறையில் சிரிக்கக் கூடாது. லோகுவின் வாய் பழக்கத்தில் திறந்தது. ஃப்ளோரா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டது. பீட் மட்டும் போய்க்கொண்டேயிருந்தது. தணிகாசலம் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தான். வெறும் காற்று வந்தது. அதுவும் பாதிதான். மைக் அதை வாங்கி ஸ்பீக்கரில் பெரிதாகப் போட்டது. நாய் இளைப்பதுபோல அறை முழுக்க அவன் மூச்சு.

சொன்ன வார்த்தை எங்கேயும் போகாமல் நடுவில் கிடந்தது. குழம்பில் விழுந்த பல்லியைப்போல. ஒருவரும் எடுத்துப் போடவில்லை.

ஃப்ளோரா பூண்டை உரிக்க ஆரம்பித்தாள்.

பீட் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 'டக், டக்' என்று ஏதோ கேட்டது. வினோபா முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தாளம் தவறிவிடாமல், அடுத்த சுற்று எங்கே தொடங்கும் என்று தணிகாசலத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப பாட்டுல எறங்கு," என்றான் வினோபா.

தணிகாசலம் இறங்கவில்லை. சுற்று போயிற்று.

"நேத்து இந்த வார்த்தைக்கு ஜனம் கத்துச்சு," என்றான் தணிகாசலம், யாரையும் பார்க்காமல்.

"ஆமா. கத்துச்சு." வினோபா தட்டுவதை நிறுத்தினான். "அந்த வார்த்தைய நான் ஆறாங்கிளாஸ்லயே கேட்டுட்டேன், தணிகா. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. என் ஆளு நேத்துதான் மொத தடவ மேட பாக்க வந்தான். ஸ்டேஷன்ல வெச்சு இன்னா கேட்டான் தெரியுமா? கொடத்து வரி எழுதினது யாருன்னு கேட்டான். நீதான்னேன். நம்பல."

லோகு கதவுப் பக்கம் பார்த்தான்.

தணிகாசலத்துக்கு நெற்றியில் வேர்த்துக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினான், கையில் மைக். அடுத்த முறை வினோபாவுடையது. வினோபா எழுந்து வந்து கையை நீட்டினான். நேற்று நீட்டிய அதே கை.

தணிகாசலம் கொடுக்கவில்லை. தரையில் வைக்கவும் வழியில்லை.

"அக்கா, நான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்ச."

"வரியக் கேட்டுட்டுச் சொல்றேன்னியே."

"கேட்டேன்."

"அப்ப சொல்லு. இவன எதுக்கு உள்ள விட்ட?"

ஃப்ளோரா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அவன் மூச்ச அவனே இழுத்துக்கறான்."