பஸ் நிலையத்தில் நிற்பவர்

குரு என்றால் தாடியும் காவியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஜெசிந்தாவைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோக்களையும், எப்போதாவது வரும் குறும்படங்களையும் எடிட் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு.

சீடர் கோமதிநாயகத்துக்கு நாற்பத்து நாலு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேடம் என்பார். குரு, சீடர் என்ற சொற்கள் இருவர் வாயிலும் ஒருநாளும் வந்ததில்லை. கதை சொல்லும் வசதிக்காக நான்தான் வைத்துக்கொண்டேன்.

கோமதிநாயகம் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்தோரு வருட சர்வீஸ். எக்ஸ்ரே தவிர மற்ற படம் எடுக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகள் பிறந்தபோது வாங்கிய சின்னக் கேமராவில் ஆரம்பித்து, கெடுத்துக் கெடுத்துத் தானே கற்றுக்கொண்டார். காலை எட்டு மணிக்கு டூட்டி. அதற்கு முந்தைய விடியற்காலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் அவருக்குச் சொந்தம்.

அந்த விடியற்காலைகளில் நாலு வருஷமாக பஸ் நிலையத்துக்குப் போய், முதல் பஸ் ஏறுகிறவர்களை எடுத்தார். அதிலிருந்து பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று செய்து மூன்று குறும்பட விழாக்களுக்கு அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. அதன் பிறகுதான், எடுத்தது அத்தனையையும் ஒரு டிஸ்க்கில் போட்டுக்கொண்டு ஜெசிந்தாவின் மாடிப்படி ஏறினார்.

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னாள்.

"எப்படி மேடம் இருக்கு?"

"ஒளி பிரமாதமா இருக்கு அண்ணாச்சி. ஃப்ரேம் வைக்கது உங்களுக்குத் தானா வருது."

கோமதிநாயகத்துக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

"அப்புறம் ஏன் மேடம் மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்க?"

ஜெசிந்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது. இரண்டு வாரமாக அவளுக்கு அந்த இருமல். அது அடங்குவதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். கேள்வி கேட்கிற பாதிப் பேர் அப்படித்தான்.

"நேரம் இல்ல மேடம். அதான் விஷயம். நல்லா வர்ற நேரம் பாத்து மணி ஏழரை ஆயிருது. ஓடணும். நாள் பூரா அந்த இருட்டு ரூம்ல நெஞ்செலும்பும் முட்டியும் எடுத்துட்டு, எனக்குள்ள இருக்கது எல்லாம் அங்கயே செத்துப்போவுது."

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"விருப்ப ஓய்வு லெட்டர். எங்க சூப்பிரண்டெண்டு சனிக்கிழமை மத்தியானத்தோட மாறுதலாகிப் போறாரு. அவரு கையில குடுத்தா இழுத்தடிக்காம அனுப்பிருவாரு. புதுசா வர்றவரு எப்படியோ. வீட்டுல கேட்டேன். உங்க மேடம் சரின்னா எனக்கும் சரிங்கா."

அவர் மனைவி சண்முகவடிவு அப்படிச் சொன்னது உண்மைதான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். அதை அவர் இங்கே சொல்லவில்லை.

"குடுக்கட்டுமா மேடம்?"

ஜெசிந்தா கவரைத் தொடவில்லை. மவுஸை நகர்த்தி ஒரு ஷாட்டை ஓடவிட்டாள்.

முதல் வருஷம் எடுத்தது. சென்னைக்கு வேலைக்குப் போகும் மகளை ஒரு அப்பா பஸ் ஏற்றி விடுகிறார். கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஜன்னலுக்குள்ளிருந்து அந்தப் பெண் கையைத் தூக்குகிறாள். பஸ் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அவள் விரல்களில் விழுகிறது. அவ்வளவுதான், ஷாட் முடிந்துவிடுகிறது. கோமதிநாயகம் எடுத்ததிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது அது.

"இது எத்தன செகண்டு அண்ணாச்சி?"

"நாலு."

"ஏன் நாலோட நிறுத்திட்டீங்க?"

"கையத் தூக்குனதும் படம் நெறஞ்சிருச்சே மேடம். அதுக்கு மேல எதுக்கு?"

"பஸ் போனதும் அந்த அப்பா என்ன செஞ்சாரு?"

கோமதிநாயகம் யோசித்தார்.

"தெரியலையே. நான் குனிஞ்சு, சரியா விழுந்திருக்கான்னு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் இன்னொரு ஷாட்டைப் போட்டாள். பூக்கூடையோடு ஒரு பெண், நகரும் பஸ்ஸை நோக்கி ஓடுகிறாள்.

"இந்தம்மா பஸ்ஸப் பிடிச்சாங்களா?"

"அதுவும் தெரியல மேடம்."

மூன்றாவதாக ஒன்றைப் போடப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"டாக்டர் எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே எழுதியிருக்காரு. சனிக்கிழமை உங்க ரூமுக்குத்தான் வரணும். அங்க வச்சுச் சொல்லுதேன்."

கோமதிநாயகம் கவரைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதுவே பாதிச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாகப் படியிறங்கினார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டமென்றால் கூட்டம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் இடமில்லை. ஜெசிந்தா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருமியபடி நிற்பதைப் பார்த்துவிட்டு கோமதிநாயகம் அவளை உள்ளே கூப்பிட்டார். தான் நின்று வேலை செய்யும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"அஞ்சு பேரு முன்னால இருக்காங்க மேடம். வரிசையில வந்தாத்தான் நல்லது."

"அதான் முறை" என்றாள் அவள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்து, தோளை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கிவிட்டு, கோமதிநாயகம் தடுப்புக்குப் பின்னால் வருவார்.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அப்படியே பிடிங்க."

பொத்தானை அழுத்துவார்.

"விடுங்க."

நாலு பேருக்கு நாலு தடவை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறவருக்கு அது தன் காதிலேயே விழாது.

ஐந்தாவதாகக் கயத்தாறுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். காது சுத்தமாகக் கேட்காது. கோமதிநாயகம் அவர் முன்னால் நின்று தன் நெஞ்சை விரித்து மூச்சை இழுத்துக் காட்டினார். வாயை இறுக்கி, கையை உயர்த்தி, பிடிக்கச் சொன்னார். பெரியவருக்குப் புரிந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி மனுஷர். கன்னத்தை உப்பிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

கோமதிநாயகம் ஓடிவந்து பொத்தானை அழுத்தினார்.

"விடுங்க."

பெரியவர் பலகையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோள் அசையவில்லை.

திரையில் படம் வந்துவிட்டது. கோமதிநாயகம் அதைப் பார்க்கவில்லை. தடுப்பைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடினார். பெரியவரின் முதுகில் கையை வைத்துத் தன் பக்கம் திருப்பினார். வாயை அகலத் திறந்து "ஹா" என்று மூச்சை விட்டுக் காட்டினார்.

பெரியவரும் "ஹா" என்றார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார். கோமதிநாயகமும் சிரித்தார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். அனுப்பிவைத்த பிறகுதான் வந்து திரையைப் பார்த்தார்.

அடுத்தது ஜெசிந்தா. இழுத்தாள், பிடித்தாள், விட்டாள்.

"பயப்படுத மாதிரி என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல மேடம். டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

"சரி அண்ணாச்சி."

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கோமதிநாயகம் பையிலிருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபத்தோரு வருஷம் ஒரு பக்கம், மகள் படிப்பு ஒரு பக்கம், அந்த நாலு செகண்டு ஒரு பக்கம் என்று அவரை மூன்று பேர் பிடித்து இழுப்பது போல இருந்தது.

"மேடம், ஒரு மணிக்கு சார் கிளம்பிருவாரு. குடுக்கவா, வேண்டாமா?"

ஜெசிந்தா கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்தக் காது கேக்காத பெரியவருக்குப் படம் எப்ப வந்துச்சு?"

"பொத்தான அமுக்குனதும் வந்துருச்சே."

"நல்லா வந்துச்சா?"

"சுத்தமா வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு ஓடுனீங்க?"

கோமதிநாயகத்துக்கு லேசாகக் கோபமே வந்தது.

"என்ன மேடம் இப்படிக் கேக்கீங்க? நான் பிடிக்கச் சொன்னேன், அவரு பிடிச்சாரு. நான்தான விடச் சொல்லணும்? படம் வந்துட்டுன்னு நான் பாட்டுக்கு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டிருந்தா, அந்த மனுஷன் மூச்சப் பிடிச்சிக்கிட்டே நிப்பாருல்லா?"

ஜெசிந்தா கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல அந்த அப்பா நாலு வருஷமா நிக்காரு அண்ணாச்சி."

கவர் பையிலேயே இருக்க, கோமதிநாயகம் பெரியவர் நின்ற பலகையைப் பார்த்தார். வெளியே சூப்பிரண்டெண்டின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.