கனகசபை வீட்டுக்குள்ள பேஞ்ச மழை

காலை ஆட்டாம படு. ஆட்டினா கதை கிடையாது, சொல்லிட்டேன். அத்தைக்கே கண்ணு சொக்குது. நீ ஒழுங்கா "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒருத்தர் இருந்தாராம், கனகசபைன்னு பேரு. நல்ல மனுஷன்தான். ஆனா யாரையும் சும்மா இருக்க விடமாட்டார். பொண்டாட்டி வேதவல்லி உக்காந்தா "தலை சுத்துதா?"ன்னு கேப்பார். எந்திரிச்சா "எங்க போற?"ன்னு கேப்பார். அவ லேசா இருமினா போச்சு, அடுப்புல கஷாயம் கொதிக்க ஆரம்பிச்சுடும்.

வேதவல்லி ஒரு தொட்டியில மழை லில்லி வச்சிருந்தா. அதுக்குச் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு, புல்லு மாதிரி இலை. நல்லா காயணும், அப்புறம் மழை பேயணும், அப்பதான் ரோஸ் ரோஸா பூக்கும். என்ன?

"ம்."

ஆனா ரெண்டு வருஷமா பூக்கவே இல்ல. எப்படிப் பூக்கும்? நம்ம ஆளு அதைத் தூக்கி வீட்டுக்குள்ள சன்னலோரமா வச்சுக்கிட்டு, காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, தூங்கப் போறப்போ ஒரு சொம்புன்னு ஊத்திக்கிட்டே இருக்கார். வேதவல்லி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. ஒருநாள் பெட்டியத் தூக்கிட்டா.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். இந்த லில்லி பூத்தா வர்றேன். இல்லன்னா அங்கயே இருந்துக்கறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

கனகசபைக்கு அழுகையா வந்துச்சாம். அவ இல்லாத வீட்டுல சோறே எறங்கல. அப்புறம் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு வேலையில எறங்கினார். தொட்டியக் கவுத்துப் பாத்தா, கிழங்கெல்லாம் குட்டி குட்டியா போட்டு நெருக்கியடிச்சுக் கெடக்கு. பெருசா அஞ்சாறு பொறுக்கித் தொட்டியில திரும்ப வச்சார். "இத்துனூண்டு எல்லாம் எதுக்கு ஆகும்?"னு மிச்சத்தை வாசல்ல வெறுந்தரையில வீசினார். பொத் பொத்துனு விழுந்துச்சு. அத்தோட அதை மறந்தே போயிட்டார்.

அப்புறம் யோசிச்சார். மழைக்குத்தானே பூக்குது, மழைய நாமளே பேய வச்சா என்ன? சல்லடையத் தொட்டிக்கு மேல புடிச்சுக்கிட்டுத் தண்ணிய ஊத்தினார். சொளசொளசொள... கட்டிலுக்கு அடியில குளம் கட்டினதுதான் மிச்சம். பூத்துச்சா?

"ம்ஹும்."

அப்போ, "இடி இல்லாம மழை பேஞ்சா எந்தக் கிழங்கு நம்பும்?"னு தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால டமால்! டமால்! பக்கத்து வீட்டுப் பூனை ஊரை விட்டே ஓடிப்போச்சு. இலை மட்டும் முழ நீளத்துக்கு வளந்துச்சு. பூ?

"ம்ஹும்."

ஏய், சிரிக்காத, தூக்கம் போயிடும். மூணாவதா கதவு சன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்தினார். மேகம் மூடின மாதிரி வீடே இருட்டு. டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைச்சார், பளிச் பளிச்சுனு மின்னல். தாம்பாளம் டமால். சல்லடை சொளசொள. இன்னும் ஏதோ குறையுதேன்னு தவளை மாதிரியும் கத்தினார். கொர்ர்ர்... கொர்ர்ர்... அம்பத்தெட்டு வயசு மனுஷன்!

இந்தக் கூத்துல, வெளியில நெசமாவே இடி இடிச்சு, ரெண்டு மாசமா காஞ்சு கெடந்த பூமியில மழை கொட்டு கொட்டுன்னு கொட்டினது அவர் காதுல விழவே இல்ல. கேக்குறியா?

"...ம்."

மழை பேஞ்ச நாலாம் நாள் காலையில, தட் தட்டுனு கதவைத் தட்டுற சத்தம்.

"இடி இன்னும் முடியல, அப்புறம் வாங்க!"

"கதவைத் தொறங்க. நான்தான்!"

தொறந்தா, வேதவல்லி நிக்கறா. அவளுக்குப் பின்னால வாசப்படியிலேருந்து கேட்டு வரைக்கும் தரையே தெரியல, அத்தனையும் ரோஸ் பூவு. வீசினாரே அந்தக் குட்டிக் கிழங்குங்க, அதுங்கதான்! தண்ணி ஊத்த ஆளில்லாம, எட்டிப் பாக்க ஆளில்லாம வெயில்ல கெடந்து காஞ்சு, மழை பட்டதும் ஒண்ணா பூத்துடுச்சு. பால்காரம்மா பாத்துட்டு வேதவல்லிக்குப் போன் போட்டிருக்கா.

"எப்படிங்க பூக்க வச்சீங்க?"ன்னு ஆசையா கேட்டா.

கனகசபை வாசலைப் பாத்தார், உள்ள இருந்த தொட்டியப் பாத்தார். ஒரு பொய் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தார். ஆனா வரல.

"நான் ஒண்ணுமே செய்யல வேதா. அதான் பூத்துருக்கு."

அவ சிரிச்ச சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம். பெட்டிய உள்ள கொண்டு போய் வச்சா. கனகசபைக்கு அப்பதான் உசுரே வந்துச்சு. அன்னைக்குப் பூரா அவர் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவ உக்காந்தா, எந்திரிச்சா, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தார். ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்புறம் சாயங்காலம் வேதவல்லியே மெதுவா பக்கத்துல வந்து அவர் நெத்தியத் தொட்டுப் பாத்தா.

"என்னங்க, ஒடம்பு சரியில்லையா? கஷாயம் போடட்டுமா?"

அவ்வளவுதான். கதை படுத்துருச்சு, நீயும் கண்ணை மூடித் தூங்கு.